இரண்டு சாண் சூரியன்

உத்தனப்பள்ளியில் பெரிய சோம்பேறி யார் என்று கேட்டால், ஊர் கொஞ்சமும் யோசிக்காமல் தீர்த்தகிரியின் பெயரைச் சொல்லும். கேட்காவிட்டாலும் சொல்லும். பின்னே என்ன? விடிவதற்கு முன்னால் ஊரில் உள்ளவனெல்லாம் சாணி அள்ளி, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கிளம்புகிறான். இவன் கம்பளியை முக்காடு போட்டுக்கொண்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குண்டுப்பாறையில் ஏறி உட்கார்ந்து, சூரியன் வருகிறதா என்று பார்க்கிறான். வராமல் அது எங்கே போகும்? மைசூருக்கா?

அவன் மனைவி சென்னம்மாள் இதைத்தான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போயி உக்காரலைன்னா இன்னிக்கு விடியாதா? அது என்ன நம்ம வூட்டுக்கு வர்ற விருந்தாளியா, பாதி வழிக்குப் போயி கூட்டிட்டு வர்றதுக்கு?"

"விருந்தாளின்னா சொல்லாம கொள்ளாம வருவான். இது சொன்ன நாள்ல சொன்ன இடத்துக்கு வருது. உங்க அண்ணனவிட மேலு" என்பான் தீர்த்தகிரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மத்தியானம்வரை பேச்சு இருக்காது.

சோம்பேறி என்பதும் முழு உண்மை இல்லை. மூன்று ஏக்கரில் ராகியும் அவரையும் கொள்ளும் போட்டு, யார் வாசலிலும் நிற்காமல் பிழைத்தவன். சூரியன் எழுந்து ஒரு பனை உயரம் வந்ததும் இறங்கிப்போய் எல்லாரையும்போல வேலை செய்தான். ஆனால் ஒருவன் காலையில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் நம் ஊர் மன்னிக்காது. சாயங்காலம் சாவடியில் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் பெரிய மனுஷன்.

குண்டுப்பாறையில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு குழி உண்டு. அங்கிருந்து பார்த்தால் நாற்பதடி தள்ளிப் பாறையின் கிழக்கு விளிம்பு சுவர்போல எழும்பியிருக்கும். அதற்குப் பின்னால் தூரத்து மலைவரிசை. விளிம்பு நெடுகத் தீர்த்தகிரி கற்களை வரிசையாக வைத்திருந்தான். ஆனி மாதம் இடது கோடிக் கல்லுக்குப் பின்னால் எழும் சூரியன், நாளுக்கு நாள் தெற்கே நகர்ந்து, மார்கழி பிறக்கும்போது வலது கோடியில் இருக்கும் வெள்ளைக் கல்லுக்குப் பின்னால் வந்து சேரும். அங்கே சில நாள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு வடக்கே திரும்பும். திரும்பிய நாள் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வந்து சேர்ந்த நாளிலிருந்து விலகியது தெரிந்த நாள்வரை எண்ணிப் பாதியாக மடித்தான் தீர்த்தகிரி. எந்த வருஷம் மடித்தாலும் மார்கழி ஏழில் வந்து நின்றது.

பஞ்சாங்கமோ தை முதல் தேதிதான் உத்தராயணம், அன்றைக்குத்தான் சூரியன் வடக்கே திரும்புகிறது என்றது. சூரியனுக்கும் பஞ்சாங்கத்துக்கும் இருபத்துமூன்று நாள் தகராறு. ஊர் யார் பக்கம் நின்றது என்று சொல்லவும் வேண்டுமா? அச்சடித்ததை விட்டுவிட்டு ஆகாயத்தில் இருப்பதை நம்ப அவர்களுக்கென்ன பைத்தியமா?

பள்ளிக்கூடத்து வாத்தியார் அருள்ஜோசப் ஒருவர்தான் அவனோடு வந்து உட்காருவார். எட்டு வருஷமாக எந்தத் தேதியில் எந்தக் கல் என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். "எங்க ஏசு சாமி பொறந்ததும் இந்த வாரத்துலதான் தீர்த்தகிரி. வெளிச்சம் திரும்பறதப் பாத்துதான் வந்திருக்காரு" என்பார். தீர்த்தகிரிக்கு அந்தச் சாமிமேல் அன்றிலிருந்து ஒரு மரியாதை. நாள் பார்த்து வரத் தெரிந்த சாமி.

மார்கழியில் பாறையிலிருந்து பார்ப்பதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. ஏரியிலிருந்து எழும் பனி ஊரை மூடி, கூரைகளின் முகடு மட்டும் தெரியும். புரட்டாசிக் கடைசியில் வந்த வாலாட்டிக் குருவிகள் ஈரக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். கொள்ளுச்செடிகளுக்கு நடுவே சிலந்திகள் கட்டிய வலை ஒவ்வொன்றிலும் பனி கோத்திருக்கும். பனி இறங்க இறங்க அவரைக்காய்க்கு அந்த எண்ணெய் வாசனை ஏறும். நாலு வயல் தள்ளி நின்றாலும் மூக்குக்குத் தெரியும். வெளிச்சம் திரும்பிய பிறகுதான் குளிர் அதிகமாகிறது என்பதையும் அவன் கவனித்திருந்தான். அதுவும் முதலில் சாயங்காலத்தில்தான் வெளிச்சம் நீளும். காலை இருட்டு தை பிறந்தும் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போகும். நல்லது நடக்கத் தொடங்கியது நமக்குத் தெரிய நாளாகும்போல என்று நினைத்துக்கொள்வான். ஊருக்குக் கரண்டு வெளிச்சமும் அப்படித்தான் வந்துகொண்டிருப்பதாகப் பிர்க்கா ரெவின்யூ அதிகாரி மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கிருஷ்ணப்பனுக்கு வருவோம். தீர்த்தகிரியின் அக்கா ருக்மணியைக் கட்டியவர், ஊரில் பாதி நிலத்துக்கு உடையவர், மீதிப் பாதிக்கும் புத்தி சொல்பவர். மாட்டுச் சந்தையில் கன்னடம், பஞ்சாயத்தில் தெலுங்கு, மச்சானைத் திட்ட மட்டும் தமிழ். இருபது வருஷத்துக்கு முன்னால், தீர்த்தகிரி பாறையில் ஏறத் தொடங்கிய முதல் மார்கழியில், அவர் நேரில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வருஷா வருஷம் இதே எடத்துக்கு வரும்னு உனக்கு யாருடா சொன்னது? சரி, நானே ஒரு கல்லு நடறேன். அடுத்த வருஷம் ஒன் சூரியன் இந்தக் கல்லுக்கு வரட்டும், பாக்கறேன்" என்று சொல்லி, சொன்னபடியே அன்று சூரியன் எழுந்த இடத்தில் வெள்ளை வெங்கச்சங்கல் ஒன்றைச் சுண்ணாம்புக் காரை வைத்துத் தன் கையாலேயே பதித்தார். அதுதான் வலது கோடிக் கல். அடுத்த மார்கழியில் சூரியன் இம்மி பிசகாமல் அதற்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. தீர்த்தகிரி ஓடிப்போய்க் கூப்பிட்டான். கிருஷ்ணப்பன் வரவில்லை. "எனக்குப் பஞ்சாங்கம் இருக்குது. பாறை ஏறி முட்டி தேய்க்க வேண்டிய அவசியமில்ல" என்று சொல்லிவிட்டார். தோற்ற இடத்துக்குத் திரும்பிப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. அவருடைய அப்பா போகிப் பண்டிகையன்று செத்துப்போனார். பஞ்சாங்கக்காரர் பதினாறாம் நாள் காரியத்தில் நன்றாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "ஒரே ஒரு நாள்! பொழுது விடிஞ்சிருந்தா உத்தராயணம், வெளிச்சத்து வழி. இப்ப இருட்டு வழியில போயிட்டாரே" என்று உச்சுக்கொட்டினார். வெற்றிலை போடும்போது பொழுதுபோக்காகச் சொன்ன வார்த்தை. கிருஷ்ணப்பனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தன் உயிர் தை பிறந்த பிறகுதான் போகவேண்டும் என்று எல்லாச் சாமியிடமும் சொல்லிவைத்திருந்தார். எந்தச் சாமி காதில் வாங்கியதோ தெரியவில்லை. விஜய வருஷம் கார்த்திகைக் கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த டாக்டர் மார்கழி மூன்றாம் தேதி ருக்மணியைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று நாளோ நாலு நாளோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் தீர்த்தகிரிக்கு ஆள் வந்தது.

கட்டிலில் நாலு தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் கிருஷ்ணப்பன். மூச்சு துருத்திபோல இழுத்தது. ஆனால் வாய்க்கு மட்டும் எந்த நோயும் வரவில்லை.

"வாடா வானசாஸ்திரி. ஒன் சூரியன் எப்படா திரும்புது?"

தீர்த்தகிரிக்கு இருபது வருஷத்துக் கோபம். நாக்கு சும்மா இருக்குமா? "எப்பத் திரும்பினா உங்களுக்கென்ன மாமா? உங்களுக்குத் தை பொறந்தாத்தானே திரும்பும்?"

கிருஷ்ணப்பன் மார்பைத் தடவிக்கொண்டார். பிறகு, "தை ரொம்பத் தூரம்டா மச்சான்" என்றார்.

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முடியாதா என்று தவித்துப்போனான். வாசலுக்கு வந்தவனை ருக்மணி பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இந்த மனுசனுக்குச் சாவு பயமில்ல. இருட்டுத்தான் பயம். கண்ண மூடினா போயிருவேன்னு நாலு ராத்திரியா முழிச்சுக்கிட்டே கெடக்கறாரு. பாக்க முடியலடா. ஒன் கணக்குல எப்பவோ சொல்லு. அவுரு கண்ணாலயே பாக்கணுங்கறாரு. அவுரு நட்ட கல்லத் தாண்டி அது வடக்குப் பக்கம் வரணுமாம்."

மார்கழி நாலு. திரும்புவது ஏழு. கல்லைவிட்டு விலகியது கண்ணுக்குத் தெரியப் பதினைந்து ஆகும். டாக்டர் கொடுத்த கெடுவோ இன்னும் இரண்டு நாள். தீர்த்தகிரி திரும்ப உள்ளே போனான்.

"இந்த வருஷம் கொஞ்சம் முந்தியே நகர்ற மாதிரி இருக்குது மாமா. நாளைக்குக் காத்தால பாத்துரலாம்" என்றான்.

சூரியனைப் பற்றி அவன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம்.

ஆடுகள் பட்டிக்குத் திரும்புகிற நேரத்தில் கடப்பாறையோடு பாறைக்குப் போனான். கிருஷ்ணப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. மச்சானை மட்டம்தட்ட வைத்த கல்லைக்கூடக் கோட்டைச் சுவர் கட்டுவதுபோல வைத்திருந்தார். காரை பெயர்வதற்குள் தீர்த்தகிரிக்கு இரண்டு கையும் தோல் உரிந்தது. கல்லைத் தூக்கி இரண்டு சாண் தெற்கே தள்ளிவைத்து, சில்லுக்கல் கொடுத்து முட்டுக்கட்டினான். பழைய இடத்தில் சுண்ணாம்பு வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. ஏரிச் சேற்றை அள்ளிவந்து அதன்மேல் பூசினான். இருபது வருஷமாக ஊர் அவனை எவ்வளவோ சொல்லியிருக்கிறது, கல்லை நகர்த்துபவன் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. இனி அதையும் சொல்லலாம். மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்து, "நீ அங்கயே நில்லு. நாங்க நகர்ந்துக்கறோம்" என்றான். அழுகை வந்தது. அதைத் துடைக்கக்கூட முடியாமல் கையெல்லாம் சேறு.

சூரியனை இவ்வளவு கணக்காக நடத்துகிற கடவுள், செத்து வருகிறவனிடம் தேதி கேட்டுக் கதவைச் சாத்துவாரா என்றும் அவனுக்குத் தோன்றியது. ஆனால் அதைக் கட்டிலில் கிடப்பவரிடம் சொல்லி என்ன பிரயோசனம்? பயத்தோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்?

ஐந்தாம் தேதி விடியலில் நாலு பேர் கட்டிலைப் பாறைக்குத் தூக்கி வந்தார்கள். பனி என்றால் அப்படி ஒரு பனி; பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. சூரியன் எப்போது வந்தது என்றே தெரியாமல் பகலாகிவிட்டது. கிருஷ்ணப்பனைக் கட்டிலோடு திரும்பத் தூக்கிப் போனார்கள். அன்று ராத்திரியும் அவர் கண்ணை மூடவில்லை.

ஆறாம் தேதி பனி ஏரிப்பள்ளத்திலேயே படுத்துக்கொண்டது. பாறையும் மலைவரிசையும் கழுவிவிட்டதுபோல நின்றன. கட்டிலைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ருக்மணி பின்னால் நின்று கணவரின் தலையைத் தாங்கிப்பிடித்தாள். மலைக்குமேல் சிவந்தது, மஞ்சளானது, பிறகு சூரியனின் விளிம்பு எழும்பியது. வெள்ளைக் கல்லுக்கு வடக்கே, இரண்டு சாண் தள்ளி.

"அது நான் நட்ட கல்லுதானே?" என்றார் கிருஷ்ணப்பன்.

"நீங்க நட்ட கல்லுதான் மாமா." இதில் பொய் இல்லை.

"தாண்டி வந்துருச்சு" என்றார். வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒன் இருபது வருஷத்துக் கிறுக்குக்கு இன்னிக்குத்தான்டா ஒரு பிரயோசனம்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. இருமல் அடங்கியதும், "நீ பொய் சொல்ற ஆளில்ல. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா எப்பவோ உருப்பட்டிருப்ப" என்றார்.

தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று தீர்த்தகிரிக்குக் கடைசிவரை புரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவரைக் குழம்பின் சாறு இரண்டு கரண்டி குடித்தார். கண்ணை மூடினார். ஆறு ராத்திரியின் தூக்கம், குறட்டையோடு வந்தது. மத்தியானத்துக்குச் சற்று முன்னால் குறட்டை நின்றது.

மார்கழி ஆறு. திரும்புவது ஏழு. அப்பனுக்கும் ஒரு நாள், மகனுக்கும் ஒரு நாள். இந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான்.

பஞ்சாங்கக்காரர் துக்கம் கேட்க வந்து, "மார்கழியில போயிட்டாரே" என்று பழைய பாட்டைத் தொடங்கினார். ருக்மணி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பொஸ்தகத்துல பாத்தீங்க சாமி. எங்க வூட்டுக்காரரு நேர்ல பாத்தாரு." அவர் வெற்றிலைத் தட்டைத் தொடாமல் எழுந்துபோனார். அவர் வெற்றிலையைத் தொடாமல் போனது அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும், கன்னட தேசத்துச் சொந்தக்காரர்களிடமும், ருக்மணி இதைத்தான் சொன்னாள். "வெளிச்சத்துல போனாரு. சிரிச்சுக்கிட்டே போனாரு." அழுகை வரும்போதெல்லாம் அதைச் சொல்லியே முடித்தாள்.

கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று அந்த வருஷத்தில் மூன்று முறை தீர்த்தகிரி கடப்பாறையை எடுத்தான். மூன்று முறையும் பாறைவரை போய்த் திரும்பி வந்தான். நகர்த்தினால் அக்காவின் கண் எதிரேயே அவள் புருஷனை இருட்டுக்குள் தள்ளிவிட்டதாகிவிடும். மழையில் சேறு கரைந்தால் மறுபடி பூசினான். "இப்ப பாறைக்கும் மெழுகற வேலையா? இங்க வூட்டுச் செவுரு விழுது" என்றாள் சென்னம்மாள்.

பொய்க்கு உண்மையைவிட வேகமாகக் கால் முளைக்கிறது. இருபது வருஷம் சரியாகச் சொன்னபோது ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை பொய்யைக் காட்டினான். சூளகிரிவரை அவன் பெயர் போய்விட்டது. அடுத்த மார்கழி ஏழாம் தேதி விடியலில் குண்டுப்பாறையில் ஐம்பது அறுபது பேர். சூரியன் கிருஷ்ணப்பன் கல்லைத் தொட்டுத் திரும்புவதைப் பார்க்க வேண்டுமாம். போன வருஷம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்ட அருள்ஜோசப் வாத்தியாரும் இந்த முறை நோட்டோடு வந்திருந்தார். ருக்மணி வெள்ளைச் சேலையில் ஓரமாக நின்றாள்.

சூரியன் வந்தது. எப்போதும் வருகிற இடத்துக்குத்தான் வந்தது. வெள்ளைக் கல் இரண்டு சாண் அந்தப் பக்கம் தனியாக நின்றது.

"என்னா தீர்த்தகிரி, சூரியனுக்குக் கால் வலியா? கல்லு வரைக்கும் போவலையே!"

"களி தின்னுட்டு வந்திருக்கும், நடக்க முடியல."

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் யாரோ கேட்டார்கள்: "கல்லு வரைக்கும் வராத சூரியன் எங்கிருந்து திரும்பும்? அப்ப போன வருசம் கிருஷ்ணப்பன் பாத்தது என்னா?"

ருக்மணியின் முகத்தைத் தீர்த்தகிரி பார்த்தான். வாத்தியார் நோட்டைப் புரட்டிக்கொண்டே முன்னால் வந்தார். "இருங்க, இருங்க. தீர்த்தகிரி கணக்கு தப்பாது. எட்டு வருஷம் எழுதி வெச்சிருக்கேன். சூரியன்மேல தப்பில்ல, கல்லுதான் நகர்ந்திருக்கு. யாரோ…"

"கல்லு நகரல வாத்தியாரே" என்றான் தீர்த்தகிரி.

"என்னப்பா சொல்ற? எங்கிட்டக் கணக்கு…"

"நான்தான் இருபது வருசமா சரியாப் பாக்கல. கண்ணு கோளாறு. நான் சொன்னத நீங்க எழுதியிருக்கீங்க, அவ்வளவுதான். போன வருசம் மாமா பாத்தது ஒண்ணுதான் சரி. அன்னிக்குத் தாண்டி வந்துச்சு. நானும் பாத்தேன்."

வாத்தியார் அவனைப் பார்த்தார். அவன் யாரைப் பார்க்கிறான் என்று பார்த்தார். நோட்டை மூடினார். "இருக்கும். நானும் கண்ணாடி மாத்தணும்னு ரொம்ப நாளா நெனைக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

கூட்டத்துக்குக் கொண்டாட்டம். இருபது வருஷம் பாறையில் உட்கார்ந்து ஒரு மண்ணும் தெரியவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், இதைவிட என்ன வேண்டும்? சாவடியில் அடுத்த மார்கழிவரைக்கும் பேசலாம். சிரித்துக்கொண்டே போனார்கள். தீர்த்தகிரி குழியில் உட்கார்ந்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். மானம் போனதைவிட, அந்த எட்டு வருஷத்து நோட்டைப் பொய்யாக்கியதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ருக்மணி போகவில்லை. விளிம்புப் பக்கம் நடந்து போனாள். வெள்ளைக் கல்லுக்கு முன்னால் நின்றாள். பிறகு இரண்டு சாண் இந்தப் பக்கம் குனிந்து, காய்ந்து வெடித்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அடியில் சுண்ணாம்பு வட்டம். தன் புருஷன் கைவைத்துப் பூசிய காரை. அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள்.

தீர்த்தகிரி கம்பளியை விலக்கிவிட்டுப் பார்த்தான்.

அவள் எழுந்து ஏரிக்கு இறங்கினாள். இரண்டு கை நிறையச் சேறு அள்ளிக்கொண்டு ஏறி வந்தாள். வட்டத்தின்மேல் போட்டு, வீட்டுத் தரையை மெழுகுவதுபோல விரல்களால் வழித்து வழித்து, ஒரு விரிசல் இல்லாமல் பூசி முடித்தாள்.

"ஆம்பளைங்க மெழுகினா இப்படித்தான், வெடிச்சுப் போயிருது" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எந்திரி தம்பி. சென்னம்மா களி கிண்டி வெச்சிருப்பா, ஆறிடும்."